சாவியை நான்தான் எறிந்தேன்

டிசம்பர் 8, திங்கள்

மழை விட்டு மூன்றாம் நாள். வெயில் சுள்ளென்று. கரிசல் மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே இன்னும் களி. மிதித்தால் செருப்போடு அப்பிக்கொண்டு வருகிறது.

சோலார் காட்டில் புல் முட்டளவு. சில வரிசையில் பேனலின் கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டது. பொங்கலுக்குள் எல்லாம் சருகாகிவிடும், ஒரு பொறி போதும். போன வருஷம் பக்கத்துப் புஞ்சையில் பற்றிய தீ எங்கள் கம்பிவேலி வரை வந்து நின்றது. அதனால் மழை விட்டதும் வெட்டியாக வேண்டும்.

இன்று முதல் ஓட்டம். புல்வெட்டு வண்டியை ஆறு வாரம் கழித்து வெளியே எடுத்தேன். ஏறும் முன் பார்த்தவை:

ஆயில் – சரி.
பெட்ரோல் – எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஊற்றியாச்சு.
டயர் – முன் இடது காற்று இல்லை. அடித்தேன்.
பிளேடு – இரண்டும் இறுக்கம்தான். முனை மழுங்கல். தீட்டணும்.
புல் வெளியே பாயும் வாய்க்கு மூடி – இருக்கிறது.
சீட்டு சுவிட்ச் – பிளேடைச் சுற்றவிட்டு லேசாக எழுந்து பார்த்தேன். எஞ்சின் நின்றது. சரி.
தரை – முதல் நாலு வரிசை நடந்து கல் பொறுக்கினேன். ஒரு சாக்கு.

இதெல்லாம் ஆபீசில் இருக்கும் வேலை நோட்டிலும் எழுதுகிறேன். அங்கே எழுத முடியாதது இதில். இது வீட்டு நோட்டு. என் வீட்டுக்காரர்கூட படிக்க மாட்டார்.

பதினோரு மணிக்கு ஒரு சாரைப்பாம்பு. புல்லுக்குள் கிடந்தது தெரியவில்லை. பிளேடு இழுத்து, வாய் வழியாகத் துண்டு துண்டாய்த் துப்பியது. ஒரு துண்டு பேனல் கண்ணாடிமேல் விழுந்து நெளிந்தது. பேனல் கழுவும் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். செல்வம்தான் (இங்கே எலக்ட்ரீஷியன், இருபத்தெட்டு வயது, நல்ல பையன்) குச்சியால் தள்ளிவிட்டான்.

"யக்கா, பாம்பாவது பரவால்ல. யாராச்சும் காலக் குடுத்தா என்ன ஆகும்?"

மதியம் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

வண்டி நின்று நின்று போகிறது. கோடையில் விட்ட வெடிப்பெல்லாம் மழையில் பாதி மூடி, பள்ளமும் மேடுமாய்க் கிடக்கிறது. சக்கரம் இறங்கினால் உடம்பு சீட்டைவிட்டு எம்பும். எம்பினால் ஆள் இறங்கிவிட்டதாக நினைத்து சுவிட்ச் எஞ்சினை நிறுத்தும். அதன் வேலையே அதுதான். ஆள் இல்லாத வண்டியில் பிளேடு சுற்றக்கூடாது. மெதுவாக ஓட்டினால் நிற்காது. மெதுவாக ஓட்டினால் வேலை ஓடாது.

சூப்பர்வைசர் தங்கப்பாண்டி வந்தார். கயத்தாறுக்காரர். முப்பத்தைந்து இருக்கும், என்னைவிட எட்டு வயது சின்னவர். கோபம் வந்தால் காது சிவக்கும். இன்று வரும்போதே சிவந்திருந்தது.

"என்ன பேச்சியம்மா, வண்டி ஓட்டுதீங்களா, நிப்பாட்டி நிப்பாட்டி விளையாடுதீங்களா?"

"பள்ளத்துல எம்புது சார். சுவிட்ச் நிப்பாட்டுது."

"திங்கக்கிழம மெட்ராஸ்ல இருந்து கம்பெனிக்காரவ வாராவ. ஒரு புல்லு நிக்கக்கூடாது. ஏலே செல்வம், அந்த சுவிட்சுக்கு ஒரு துண்டு ஒயரப் போட்டு நேராக் குடு."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் போட்டான். அவனுக்கும் வேலை வேண்டுமே.

ஒயர் போட்டால் சீட்டில் எப்போதும் ஆள் இருப்பதாக எஞ்சின் நினைத்துக்கொள்ளும். ஆள் விழுந்தாலும் சுற்றும். செத்தாலும் சுற்றும்.

சாயங்காலம் அவர் பைக் கிளம்பியதும் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். சுவிட்சைப் பழையபடி மாட்டி, வேலை நோட்டில் எழுதினேன்: "ஒயரை எடுத்துவிட்டேன். பே." தேதி, நேரம்.

இந்தக் காட்டில் நாலு ஏக்கர் எங்களுடையது. கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். அவருக்கு ஆடுகளை விட்டுவர மனமில்லை. நான் பத்தொன்பது வயதிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவள். நான் வந்தேன். என் நிலத்தில் நின்றுகொண்டு இன்னொருவனிடம் பேச்சு வாங்குகிறேன்.

டிசம்பர் 10, புதன்

காலையில் பிளேடு வேலை. சாவியை எடுத்து இடுப்பில் செருகினேன். பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கினேன். பின் சக்கரத்துக்குக் கல். முன்பக்கம் தூக்கி அடியில் தடித்த கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. கையுறை. பிளேடு திரும்பாமல் இருக்க நடுவே ஒரு மரத்துண்டு. போல்ட் களியில் இறுகிப்போய், ஸ்பேனர் வழுக்கி முழங்கையில் ஒரு காயம். சின்னதுதான்.

பிளேடை மூடியிருக்கும் அடித்தகட்டின் உள்ளே காய்ந்த புல்லும் பாம்புத் தோலும். சுரண்டினேன். நாற்றம்.

தீட்டி, சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அரம். மறுபடி மாட்டினேன். சமமாக நின்றது. எடை சரியில்லாத பிளேடு வண்டியையே உதறி உடைத்துவிடும்.

மதியம் ஏழாவது வரிசை. எங்கிருந்தோ ஒரு ஓடைக்கல். மூடியில் பட்டுத் தெறித்துப் பேனலின் நடுவில். கண்ணாடி மொத்தமும் மாவாய் நொறுங்கி, உதிராமல் வலைபோல நின்றது.

தங்கப்பாண்டி வந்தார். பேனலைப் பார்த்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒயர் இல்லை. அது தெரிந்ததும் செல்வத்தின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் தொப்பி தெறித்துப் போய்ச் சேற்றில்.

"நீ ஒழுங்காப் போடலையால? இல்ல, அவ எடுத்தாளா?"

செல்வம் தொப்பியை எடுத்துத் துடைத்தான்.

"நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, செல்வத்தையே மறுபடியும் ஒயர் போடச் சொன்னார். இந்த முறை டேப் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கட்டும் போட்டு.

டிசம்பர் 11, வியாழன்

இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் மூடுபனி. ஒன்பதுக்கு மேல்தான் வெயில். வண்டியில் ஏற மாட்டேன் என்றேன்.

"ஒயர எடுத்தா ஏறுதேன் சார்."

"நான் சூப்பர்வைசரா, நீ சூப்பர்வைசரா?"

"பிளேடுக்கு சூப்பர்வைசரும் தெரியாது, பேச்சியும் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். பேனல் கழுவும் ஆறு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான்.

கை வந்ததே தெரியவில்லை. இடது கன்னம், காதோடு சேர்த்து. உள்ளே கொய்யென்று சத்தம். கம்மல் திருகு கழுத்தில் குத்தி ரத்தம். விழவில்லை நான். அதுதான் அவனுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஏட்டி, நாளைக்கு நீ ஏறல, காட்டுக்குள்ள காலு வைக்கக்கூடாது."

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை அடைக்கக்கூட ஒருத்திக்கும் கை வரவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது, அவர் பார்த்துவிட்டார். யாரென்று மட்டும் கேட்டார். தொழுவத்துக் கூரையில் செருகியிருக்கும் அரிவாளை எடுத்து வேட்டியில் துடைத்தார். ஒரு ஆட்டுக்குட்டி செத்தால்கூட அழுகிற மனுஷன்.

"வைங்க அத."

"பேசாத."

"நீங்க ஜெயிலுக்குப் போனா ஆட்ட யாரு பாப்பா? வைங்கங்கேன்."

பைக் சாவியை எடுத்துக் கிணற்றில் போடுவேன் என்றேன். போட்டும் இருப்பேன். கடைசியில் அரிவாளை வேப்பமரத்தில் ஓங்கிக் கொத்திவிட்டு ஆடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அரிவாள் வேண்டாம். அந்தக் கை தானாக அறுந்து விழணும். அதுதான் வேண்டும். எழுதியாச்சு.

டிசம்பர் 12, வெள்ளி

மணி மாலை ஆறு. இப்போதுதான் கோவில்பட்டியிலிருந்து வந்தேன். இரண்டு முறை குளித்தேன். நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கனத்த பனி. புல் நனைந்து தலைசாய்ந்து கிடந்தது. ஈரப்புல் வெட்டக்கூடாது. சக்கரம் வழுக்கும், வாய் அடைக்கும். எட்டரைக்குத் தங்கப்பாண்டி வந்து கையை நீட்டினான்.

"ஏறுதியா, இல்லையா?"

"இல்ல."

"சாவி."

இடுப்பிலிருந்து எடுத்தேன். "ஒயர எடுத்துட்டு ஓட்டுங்க" என்று சொல்லியிருக்கலாம். "ஈரம் காயட்டும்" என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்குப் பொறுப்பு நான். பிளக் ஒயரைக் கழற்றி ஒளித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கன்னம் வலித்தது. சாவியை அவன் நெஞ்சில் எறிந்தேன். பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான்.

வண்டியைத் தாறுமாறாக ஓட்டினான். ஷெட் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்படட்டும் என்று.

பத்தாவது வரிசை முடிவில் சத்தம் கம்மியது. வாய் அடைத்துவிட்டது. எனக்குத் தெரியும், சத்தத்திலேயே தெரியும். வண்டி நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. அவன் இறங்கினான். எஞ்சின் நிற்கவில்லை.

எழுந்தேன். "பிளேட நிறுத்து" என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தினேன், கேட்டது என்கிறான் செல்வம். நம்பத்தான் ஆசை.

வலது கையால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையை உள்ளே விட்டான். புல்லை ஒரு பிடி இழுத்தான். அடைப்பு விட்டது.

துவைக்கிற கல்லில் ஈரத்துணியை ஓங்கி அடித்தால் வருமே, அந்தச் சத்தம். ஒரே ஒரு தரம். வெளியே பாய்ந்த புல் பச்சையாக இல்லை.

அவன் கத்தவில்லை. கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தான். பிறகுதான் கத்தினான். ஆட்டை அறுக்கும்போதுகூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஓடினேன். முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். அப்புறம்தான் அவனைத் தொட்டேன். நாலு விரலும் இல்லை. உள்ளங்கையில் பாதி இல்லை. பெருவிரல் மட்டும் தோலில் தொங்கியது. தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றி, பலம்கொண்ட மட்டும் அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடித்தேன். என் முகத்திலும் சட்டையிலும் சூடாகப் பீய்ச்சியது.

"பேச்சியக்கா, என் கை எங்கக்கா?"

அக்கா என்று அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

"இருக்கு. மேல பாரு. கீழ பாக்காத."

பெண்கள் புல்லில் தேடினார்கள். நேற்று சிரித்தவள்தான் அழுதுகொண்டே முதல் விரலை எடுத்தாள். மோதிரத்தோடு. இன்னொன்றும் கிடைத்தது. மற்ற இரண்டும் இல்லை. சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டோம்.

கம்பெனி பிக்கப் வண்டியின் டிரைவர் அன்று வரவில்லை. நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் செல்வம் அவனைக் கட்டிப்பிடித்து, கையை விடாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு. மெயின் ரோட்டில் மீன்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். மறித்தேன்.

"அண்ணாச்சி, ஐஸ் குடுங்க. விரலு."

மனுஷன் ஒன்றுமே கேட்கவில்லை. மீனைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியையே கொடுத்தார்.

கோவில்பட்டி வரை ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. அங்கே கட்டுப்போட்டு, ரத்தம் ஏற்றி, திருநெல்வேலிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். விரல் நசுங்கிப்போயிருக்கிறது, ஒட்டுவது சந்தேகம் என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸ் போன பிறகு சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

டிசம்பர் 13, சனி

ஆட்டுச் சந்தைக்கு எட்டயபுரம் போகவில்லை அவர். என்கூடவே இருந்தார். வேப்பமரத்து அரிவாளைப் பிடுங்கித் தொழுவத்தில் வைத்துவிட்டார்.

வண்டியைப் போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்படியே கிடக்கிறது. ஈ மொய்க்கிறது.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. "அடிச்ச கை போயிட்டுதாம்லா. பேச்சி வாயி கரிநாக்கு." டீக்கடையில், பஸ்சில், குழாயடியில்.

போனது இடது கை. அடித்தது வலது கை. எல்லோரும் மாற்றித்தான் சொல்கிறார்கள். திருத்திப் பார்த்தேன். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

சந்தோஷமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கத்துவதற்கு முன் ஒரு கணம், அவன் கையைத் தூக்கிப் பார்த்த கணம், உள்ளே என்னவோ ஒன்று துள்ளியது. பொய் எழுத மாட்டேன். துள்ளியது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

தூறல். மெட்ராஸ்காரர்கள் வரவில்லை. தள்ளிவைத்துவிட்டார்கள்.

செல்வத்தோடு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாங்கிப் போனது: சாத்துக்குடி, பிரட், ஒரு துண்டு. விரல் ஒட்டவில்லை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலேவரை எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்கட்டு உருண்டையாக, குழந்தைத் தலைபோல.

கட்டிலருகில் தங்கப்பாண்டியின் சம்சாரம் மாரீஸ்வரி. இதற்கு முன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒல்லி. வலது கண்ணுக்குக் கீழே பழைய தழும்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க இல்லன்னா ரத்தம் போயே செத்திருப்பாவன்னு டாக்டர் சொன்னாவக்கா."

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாரீஸ்வரி சாத்துக்குடி பிழிந்து டம்ளரை நீட்டினாள். கொஞ்சம் சிந்திவிட்டது. அவ்வளவுதான், டம்ளரைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தான். எவர்சில்வர் டம்ளர். உதடு கிழிந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் துடைத்துக்கொண்டு, குனிந்து டம்ளரைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. பழகிய ஆள்போல மண்டியிட்டு எடுத்தாள்.

பஸ்சில் செல்வம், "வலிக்குல்லா, அதான் அப்படி" என்றான்.

"அவளுக்கும் வலிக்கும்" என்றேன்.

டிசம்பர் 17, புதன்

கம்பெனியிலிருந்து போன். பாதுகாப்பு அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். தங்கப்பாண்டி எழுதிக் கொடுத்திருக்கிறானாம்: ஒயர் போட்டது பேச்சியம்மாள். வண்டி நின்று போகிறது என்று அவளே போட்டுக்கொண்டாள். எனக்கு அது தெரியாது. சுவிட்சை நம்பி இறங்கினேன்.

கையெழுத்து வலது கையால் போட்டிருப்பான்.

ஆபீசுக்கு ஓடினேன். வேலை நோட்டில் 9, 10 தேதித் தாள்கள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும். செல்வத்தைப் பார்த்தேன். தரையைப் பார்த்தான்.

"நீயா?"

"ஒயர் போட்டது என் கைலக்கா. கேசு வந்தா என்னியத்தான் பிடிப்பாங்க. கொழந்த பொறந்து நாப்பது நாளுதான் ஆகுது."

"தாள் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அறையத்தான் கை போனது. அந்தப் பிடரியில் ஏற்கெனவே ஒருவன் அடித்திருக்கிறான். கையை இறக்கிக்கொண்டேன்.

வீட்டில் அவர், "நீ எழுதுத நோட்டு இருக்குல்லா, அதக் காட்டு" என்றார். அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. படித்ததில்லை என்கிறார்.

இதில் 9ஆம் தேதி இருக்கிறது. 11ஆம் தேதியும் இருக்கிறது. அந்தக் கை அறுந்து விழணும் என்று நானே எழுதியிருக்கிறேன். சாவியை எறிந்ததும் இருக்கிறது. இதைக் காட்டினால் என்னைத்தான் கட்டிக்கொண்டு போவார்கள். கிழித்துவிட்டுக் காட்டினால் நானும் செல்வமும் ஒன்று.

காட்டப்போவதில்லை. வாயால் சொல்வேன். சாவி எறிந்ததையும் சேர்த்துச் சொல்வேன்.

டிசம்பர் 22, திங்கள்

விசாரணை. ஆபீஸ் ரூம். பதினொன்றரைக்கு ஆரம்பம். உள்ளே: அதிகாரி, தங்கப்பாண்டி, நான், செல்வம். மாரீஸ்வரி புருஷனை ஆட்டோவில் கூட்டிவந்து கதவோரம் நின்றாள். உதட்டுத் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

அவன் எழுதிக் கொடுத்ததையே திரும்பச் சொன்னான். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

நான் சொன்னேன். ஒயர், அடி, ஈரப்புல், சாவி. "சாவிய நாந்தான் எறிஞ்சேன். தடுத்திருக்கணும். தடுக்கல. அது என் தப்பு. ஒயர் என் தப்பு இல்ல."

அதிகாரி செல்வத்தைக் கேட்டார். செல்வம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

அப்போது கதவோரத்திலிருந்து:

"ஒயரு இவியதான் போடச் சொன்னாவ சார். ஆஸ்பத்திரியில ராவும் பகலும் அதத்தான் சொல்லி அழுதாவ. நாமளே நம்ம கையக் கொண்டு குடுத்துட்டோமேன்னு."

மெல்லிய குரல். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல.

அவன் எழுந்ததை மட்டும் பார்த்தேன். இரண்டே எட்டு. வலது கையைத் திருப்பி, புறங்கையால், அந்தத் தையல் மேலேயே அடித்தான். அவள் தலை கதவில் மோதியது. அதிகாரி "ஏய், ஏய்" என்கிறார். அவன் மறுபடி ஓங்குகிறான்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. மேசையைச் சுற்றிப் போனேனா, தாண்டினேனா. சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி அறைந்தேன். டிராக்டர் பிடித்த கை. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் அவன் நாற்காலியோடு சரிந்தான். கட்டுப்போட்ட கையை ஊன்றிவிட்டான். வெள்ளைக்கட்டின்மேல் சிவப்பாய் ஒரு வட்டம், விரிந்துகொண்டே போனது.

அவன் கத்திய கத்தில் வெளியே பேனல் கழுவுகிறவர்கள் ஓடிவந்தார்கள்.

அதன்பிறகுதான் செல்வத்துக்கு வாய் வந்தது. தரையில் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நாந்தான் போட்டேன் சார். அவரு சொல்லித்தான் போட்டேன். அக்கா ஒருதரம் பிடுங்குச்சு. எழுதுன தாளக் கிழிச்சதும் நாந்தான்."

மாரீஸ்வரி உதட்டை முந்தானையால் பொத்திக்கொண்டு, மறுகையால் அவன் கைக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் தலை அவள் மடியில். அவள் என்னைப் பார்த்தாள். கோபமா, நன்றியா, ஒன்றும் தெரியவில்லை அந்தக் கண்ணில்.

என் உள்ளங்கை இப்போதும் எரிகிறது. பத்து நாளாய் இதற்குத்தான் காத்திருந்தேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். கை மட்டும்தான் எரிகிறது.

டிசம்பர் 24, புதன்

முடிவு வந்துவிட்டது.

தங்கப்பாண்டி – வேலை இல்லை.
செல்வம் – எச்சரிக்கைக் கடிதம். வேலை உண்டு.
நான் – கை நீட்டியதற்குப் பத்து நாள் சஸ்பெண்ட். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.
வண்டி – புது சுவிட்ச் வரும். இனி யார் ஒயர் போட்டாலும், போடச் சொன்னாலும், அன்றைக்கே வெளியே. போர்டில் எழுதி மாட்டுவார்களாம்.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நாலு வரி. அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"நீ எழுதுன மாதிரியே இல்லையே" என்றார்.

சஸ்பெண்டில் ஆட்டோடு போகிறேன். புல் மேயும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தள்ளிப் போய் நிற்கிறேன். ஆட்டிடம் போய் இதைச் சொல்ல முடியுமா.

ஜனவரி 5, திங்கள்

குளிர். வானம் சுத்தம். மறுபடி வேலை.

பத்து மணிக்குள் செய்தவை: புது சுவிட்ச் சோதித்தேன், மூன்று தரம். எழுந்தேன், நின்றது. எழுந்தேன், நின்றது. எழுந்தேன், நின்றது. அடித்தகட்டைக் கழுவினேன். செல்வம் கழுவித் தருகிறேன் என்றான், விடவில்லை. பிளேடு இரண்டையும் மாற்றினேன். பழையதைப் பழைய இரும்பில் போடாமல் குழிதோண்டிப் புதைத்தேன். தெரிந்தால் அவர் சிரிப்பார்.

புல் காய்ந்துவிட்டது. அவசரம்தான். இருந்தாலும் கல் பொறுக்கிவிட்டுத்தான் ஏறினேன். சாவி துளைக்குள் போகாமல் இரண்டு தரம் தவறியது. பத்தாவது வரிசை முடிவில் கொஞ்சம் விலகி ஓட்டினேன். அங்கன ஒரு திட்டு புல் நிற்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

மதியம் வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஆள் என்றார். மாரீஸ்வரி. அவனுடைய ஹெல்மெட், பூட்ஸ், பெட்டியில் கிடந்த சட்டை இரண்டு, சர்டிபிகேட், எல்லாம் வாங்கிப் போக வந்திருந்தாள். பையில் போட்டுக் கொடுத்தேன். தையல் பிரித்துவிட்டார்கள். உதட்டில் கோடு.

டீ வாங்கிவரச் சொன்னேன். கேட் நிழலில் நின்று குடித்தோம்.

"நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பன்னு நெனச்சேன்."

"போகலக்கா. பட்டன் போட்டு விடணும். வேட்டி கட்டி விடணும். சோப்புத் தேச்சு விடணும். ஒத்தையில முடியல அவியளுக்கு."

"அன்னைக்கு நான் அடிச்சது தப்புத்தான். ஒன் மடியில கெடந்து அழுதானே, அத நெனச்சா..."

அவள் டீ கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நேத்து கொழம்புல உப்பு கூடிட்டுதுக்கா. கை ஓங்குனாவ."

"அடிச்சானா?"

"இல்ல. பிடிச்சுக்கிட்டேன்."

"எத?"

"கையத்தான். ஒண்ணுதானக்கா இருக்கு. நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். இழுத்துப் பாத்தாவ. விடல."